இடம் மாறிய இரண்டு பிளக்குகள்

மகன்,

இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேரும்போது, உனக்கு முன்பே மூன்று பேர் இதை வாசித்திருப்பார்கள். ஒன்று உன் உம்மா. அடுத்தது, இன்னும் பன்னிரண்டு நாளில் உனக்கு மாமனாராகப் போகிறவர். மூன்றாவது நமது பள்ளிவாசல் தலைவர். மகனுக்கு எழுதுகிற கடிதத்தை ஊருக்குக் காட்டிவிட்டு அனுப்புகிற வாப்பா எங்கேயாவது உண்டா என்று உனக்குக் கோபம் வரலாம். வரட்டும். வாசித்து முடிக்கும்போது இதைவிடப் பெரிய கோபம் ஒன்று வரும், அப்போது இந்தச் சின்னக் கோபம் ஞாபகத்திலும் இருக்காது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. நேற்று முந்தாநாள் வந்ததல்ல, நீ பன்னிரண்டு வயதுப் பொடியனாக இருந்த காலத்திலிருந்து இருக்கிறது. ஹஸது பிடித்தவன் என்று ஊரில் யாரையாவது பேசிக்கொண்டால் நான் செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொள்வேன். பிள்ளையைப் பார்த்தால் வாப்பாவுக்குப் பெருமைதான் வரவேண்டும். எனக்கும் வந்தது. ஆனால் எப்போதும் பொறாமை வந்து உட்கார்ந்த பிறகு, மிச்சம் இடமிருந்தால்தான் வந்தது.

போன நோன்புக்கு முந்தி உம்மாவின் போனுக்கு நீ ஒரு வீடியோ அனுப்பினாயே. ஒரு வெறுங்காணியில் ஒரு லொறி, அதன் முதுகில் நான்கு இரும்புப் பெட்டிகள். ஒன்று கரண்ட் கொடுப்பது, ஒன்று சூட்டைத் தணிப்பது, ஒன்று வானத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் கண், ஒன்று லேசர் புறப்படும் பெட்டி. தூரத்தில் ஒரு ட்ரோன் வருகிறது. வெடியில்லை, சத்தமில்லை, கண்ணுக்கு ஒரு கோடுகூடத் தெரியவில்லை. சும்மா வந்துகொண்டிருந்த அதன் ஒரு பக்கத்தில் புகை கிளம்புகிறது, சுற்றிச் சுற்றி மண்ணில் விழுகிறது. பிறகு நீ வந்து அந்தக் கண் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றைச் செருகுகிறாய். ஆஸ்பத்திரிக்கு ஒரு அளவு, விமான நிலையத்துக்கு ஒரு அளவு, பெட்டிகளைக் கூட்டலாம் குறைக்கலாம், ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம் என்கிறாய். "ஒவ்வொரு பிளக்கும் ஒவ்வொரு வடிவம். தன்ட இடத்தத் தவிர வேற எங்கயும் போகாது. மாத்திச் செருக ஆராலயும் ஏலாது" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. உன் உம்மா போனைக் கொஞ்சினாள், அழுதாள், பக்கத்து வீட்டுக்குக் கொண்டு ஓடினாள். நான் அதைப் பதினொரு தரம் பார்த்தேன். ஏதாவது ஒரு குறை அகப்படுமா என்றுதான் பார்த்தேன். கடைசியில் லொறியின் பின் டயரில் காற்றுக் குறைவு என்று கண்டுபிடித்து உம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

உனக்கு மாமாவாகப் போகிறவர்மேலும் எனக்குப் பொறாமைதான், அதையும் அவர் வாசிக்கட்டும். நம் ஊர் வழக்கப்படி நீ பெண் வீட்டோடு போகிறாய். நானும் அப்படித்தான் வந்தேன், என் வாப்பாவும் அப்படித்தான் போனார். அதிலே சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போன மாதம் அந்த வீட்டின் மேல்மாடி அறையை எனக்குக் காட்டினார்கள். ஜன்னலோரம் உனக்கென்று ஒரு நீண்ட மேசை செய்து போட்டிருக்கிறார், முதிரைப் பலகையில். லீவில் வந்தால் மருமகன் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டுமாம். நீ எட்டு வருஷம் என் கடையில் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வேலை செய்தாய். எனக்கு ஒரு மேசை செய்து தரத் தோன்றவில்லை. அவரோ நீர்ப்பாசனத்தில் எஞ்சினியராக இருந்து பென்ஷன் எடுக்கிற மனிதர், உண்மையான எஞ்சினியர். நீ போனில் அவரோடு சூட்டைத் தணிக்கிற பெட்டியைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைக்கிறாய். என்னிடம் "சாப்பிட்டீங்களா வாப்பா" என்று கேட்கிறாய். நானும் "ஓம்" என்று சொல்லிவிட்டுப் போனை உம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் கல்யாணக் காரியம் கதைக்க வந்தார், இறக்காமத்து எருமைத் தயிர் இரண்டு முட்டியோடு. சாப்பிட்டு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தபோது சொன்னார்: "ஒங்கட மகன் தங்கமான புள்ள, மச்சான். கொம்பனியில அந்த லேசர் சாமானுக்குக் கடைசிக் கையெழுத்துப் போடுற பொறுப்ப அவருக்குக் குடுக்கப் பாக்காங்க. எல்லாத்தையும் சோதிச்சு, சரி எண்டு சொல்ற ஆள் அவராத்தான் இருக்கணும் எண்டு கேக்காங்களாம். அவர் வேணாம் எண்டு சொல்லப் போறாராம்."

"ஏனாம்?" என்று கேட்டேன்.

"சின்ன வயசுல பள்ளிவாசல்ட ஒலிபெருக்கிய எரிச்ச கதையச் சொன்னார். 'வயரச் செருகினது நான், ரெண்டு தரம் பாத்தும் எனக்குப் பிழை தெரியல்ல. அப்படிப்பட்ட கண்ண நம்பிக் கடைசிக் கையெழுத்து வேணாம் மாமா, செய்யிறதோட நிக்கிறன்' எண்டார். இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கம் ஆருக்கு இருக்கு?"

நான் தயிரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் உம்மா கதவடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள் நீ கொம்பனிக்குப் பதில் சொல்லவேண்டும் என்றார் உன் மாமா. அவர் போனதும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். மூன்று தரம் கிழித்துப் போட்டு, இது நாலாவது.

சுனாமியாகக் கடல் வந்த வருஷத்திலிருந்து தொடங்குகிறேன். அன்று காலை உன் சாச்சியைக் கொண்டுபோனது போதாமல், கடற்கரை வீதியில் இருந்த என் கடைக்குள்ளும் கடல் நுழைந்து எல்லாவற்றையும் உப்பிலே போட்டுவிட்டுப் போனது. ரேடியோ, டிவி, கேசட் பிளேயர் என்று சனங்கள் திருத்தத் தந்திருந்த அறுபது எழுபது சாமான். ஊரில் என்னை அண்ணன் முறை வைத்து எஞ்சினியர் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், தெரியும்தானே. உயர்தரப் பரீட்சையில் சில புள்ளிகளால் எஞ்சினியரிங் கிடைக்காமல் போனவனுக்குச் சனங்கள் அன்பாகத் தந்த பட்டம். கேலியாகவும் தந்திருக்கலாம். எப்படியோ, அது என் பட்டம். நான் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, அதை அதாகவே முழுசாகக் காப்பாற்றப் பார்த்தேன். ஒரு மாதத்தில் மூன்றுகூட உயிர் வரவில்லை. நீ பழைய பல்துலக்கியால் போர்டுகளின் உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் சொன்னாய்: "வாப்பா, ஒரு பெட்டியையும் முழுசாக் காப்பாத்த ஏலாது. எல்லாத்தையும் பிரிப்பம். நல்லா இருக்கிற துண்டுகள மட்டும் எடுத்து வேற பெட்டி செய்வம்."

உனக்குப் பன்னிரண்டு வயது. சரியாகத்தான் சொன்னாய். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறு எரிந்தது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். நல்ல போர்டுகளை வகை வகையாக மீன் பெட்டிகளில் அடுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, வீடிழந்து முகாமில் இருந்த சனங்களுக்கு டிவியும் ரேடியோவும் செய்து கொடுத்தாய். பாண்டிருப்பிலிருந்து வந்த ஒரு மீன்பிடிக்காரர், வள்ளமும் வலையும் போன மனிதர், ரேடியோ பாடத் தொடங்கியதும் உன் தலையில் கை வைத்து, "தம்பிதான் இனி இஞ்ச எஞ்சினியர்" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகு நம் பக்கம் யுத்தம் முற்றியிருந்த நேரம். ஆளில்லாமல் பறந்து படம் பிடிக்கும் அந்த ஆமி விமானத்துக்குச் சனங்கள் வண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பெருநாள் பின்னேரம், கட்டி முடியாத வீட்டின் மேல்தட்டில் ஏறி நின்று, சந்தையில் வாங்கிய சின்ன லேசர் லைட்டை வானத்துக்குப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, வண்டுட கண்ணுக்கு வெளிச்சம் அடிச்சா அதுக்கு ஒண்டும் தெரியாமப் போகும்தானே?" என்று கேட்டாய். நான் ஓடிவந்து உன் கன்னத்தில் அறைந்தேன். ஆமி முகாம் கூப்பிடு தூரத்தில் இருந்தது, பயத்தில் அடித்தேன் என்று உன் உம்மாவிடம் சொன்னேன். பயம் உண்மைதான். ஆனால் அறைந்த கை பயத்தால் மட்டும் ஓங்கவில்லை. அந்த வண்டின் சத்தத்தைக் கேட்டு ஊரே கட்டிலுக்கடியில் பதுங்கியது, நானும் பதுங்கினேன். நீ ஒருவன்தான் அதற்குக் கண் எங்கே என்று யோசித்தாய். இன்றைக்கு நீ செய்கிற வேலையின் முதல் வார்த்தையை நீ சொன்னபோது, உன் வாப்பாவின் பதில் அந்த அறைதான்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். யுத்தம் முடிந்த வருஷம், உனக்குப் பதினேழு. பள்ளிவாசல் ஒலிபெருக்கி உப்புத் துரு பிடித்து ஒரேயடியாக நின்றுபோனது. கரண்ட் அடிக்கடி போகிற காலம், பற்றரியிலும் வேலை செய்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று பள்ளிவாசல் நிர்வாகம் பார்த்த மரைக்கார் கடைக்கு வந்தார். நான் ஸ்டூலிலிருந்து எழும்பி நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் உன்னிடம் கேட்டார். "காக்கா இருக்கட்டும், தம்பி செய்வார்தானே" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது, கெட்ட மனிதருமல்ல. நான் மறுபடி உட்கார்ந்தேன்.

மூன்று கிழமை நீ அதில் உட்கார்ந்தாய். நான்கு போர்டு, நான்கு சின்ன அலுமினியப் பெட்டி, எல்லாவற்றையும் ஒரு பெரிய பெட்டிக்குள் வைத்து, ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போடலாம் என்ற மாதிரி ஒரே வகைப் பிளக்குகளால் இணைத்தாய். வெள்ளிக்கிழமை காலை மரைக்காருக்கு முன்னாலேயே மைக்கில் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்றாய். வீதியில் போன சைக்கிள்காரர்கள் பிரேக் பிடித்து நின்றார்கள், அவ்வளவு சுத்தமான சத்தம். பிறகு எல்லாவற்றையும் கழற்றித் தூசு தட்டித் திரும்பச் செருகி, இரண்டு தரம் பார்த்து, மூடியைப் பூட்டி, நாலு ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டு, ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்க வீட்டுக்குப் போனாய். கடையில் நானும் அந்தப் பெட்டியும்.

ஸ்க்ரூவைக் கழற்றினேன். மூடியைத் தூக்கினேன். கரண்ட் வருகிற பிளக்கையும் மைக்கிலிருந்து வருகிற பிளக்கையும் இடம் மாற்றிச் செருகினேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், சிரமமே இல்லாமல் போனது. மூடியைப் பூட்டினேன். மாற்றுகிற வேலை ஒரு பிளேன்டீ ஆறுகிற நேரம் எடுத்திருக்காது.

மகன், அதை நீ செய்யவில்லை. நான் செய்தேன். தெரிந்து செய்தேன்.

மிச்சம் உனக்குத் தெரிந்ததுதான். பாங்கு சொல்ல மோதினார் ஸ்விட்சைப் போட்டதும் ஒரு வெடிச்சத்தம், பிறகு புகை. ஹதீப் வெறும் தொண்டையில் குத்பாப் பிரசங்கம் ஓதினார். வெளியே பந்தலுக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தொழுகை முடிந்ததும் நீ முற்றத்தில் நின்று, ஊரே சுற்றி நிற்க, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "நான்தான் மாத்திச் செருகிட்டன். மன்னிச்சுக்கங்க" என்றாய். காது மடலெல்லாம் சிவந்திருந்தது. நான் வந்து உன் தோளில் கை வைத்தேன். எல்லோரும் பார்த்தார்கள், எவ்வளவு நல்ல வாப்பா என்று. அந்தக் கை ஆறுதல் சொல்ல வைத்த கையல்ல. உன் தோள் தாழ்ந்து போயிருந்தது, அதைத் தொட்டுப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்குள் நானே அதைத் திருத்திக் கொடுத்தேன். என்ன கெட்டுப்போயிருக்கும் என்று என்னைவிடத் தெரிந்தவர் யார்? "அனுபவம் வேணும் எண்டுறது இதுக்குத்தான்" என்றார் மரைக்கார். எஞ்சினியர் காக்கா என்ற பட்டம் எனக்குத் திரும்பி வந்தது. இரண்டு மூன்று மாதம் நல்ல உறக்கம். ஆனால் அதற்குப் பிறகு நீ ஒரு பழக்கம் பிடித்தாய். எதைச் செய்தாலும், ஒரு டோர்ச் லைட் திருத்தினாலும், பூட்டுமுன் என்னிடம் கொண்டுவந்து, "ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க வாப்பா" என்று நிற்பாய். பல்கலைக்கழகம் போகும்வரை நின்றாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதட்டைச் சுழித்துக்கொண்டு, நேரமெடுத்துப் பார்த்து, "ம்" என்பேன். ஒரு தரமாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னேனா? நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகம் இல்லை.

முதல் சம்பளத்தில் நீ பள்ளிவாசலுக்குப் புது ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தபோது நான் முன்வரிசையில் இருந்தேன். "அண்டைக்கு நான் செஞ்ச பிழைக்கு இது" என்று மைக்கில் சொன்னாய். சனங்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். நானும் சொன்னேன். வாய்க்குள் உப்புக் கரித்தது. வீட்டுக்கு வந்ததும் உன் உம்மா, தேத்தண்ணியை வைத்துவிட்டு, "இஞ்சேருங்க, அண்டைக்கு ஜும்ஆவுக்கு முன்ன அந்தப் பெட்டிய ஏன் திரும்பத் திறந்தீங்க?" என்று கேட்டாள். சோறு கொண்டுவந்தவள் கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். எட்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்து, அன்றைக்கு ஒரே ஒரு தரம் கேட்டாள். நான் தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. இப்போது நான் எழுத உட்கார்ந்ததும் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

யாராலும் மாற்றிச் செருக முடியாத பிளக் என்று நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் வேலையில் எல்லோரும் மெச்சுகிற அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்படியானால் அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறதே என்று தோன்றியது. இவ்வளவு கேவலமான மனது உன் வாப்பாவுக்கு. கை தவறுகிற மனிதர்களுக்காக நீ அந்தப் பிளக்குகளைச் செய்தாய். அன்றைக்கு யாருடைய கையும் தவறவில்லை.

கல்யாணம் கட்டப் போகிறவனுக்கு வாப்பா புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான், அதையும் பிழையாகச் செய்து படித்தது. உனக்குப் பெண்சாதியாக வரப்போகிறவள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஒரு நாள் நீ தேடிக்கொண்டிருக்கிற விடையை அவள் சோறு போட்டுக்கொண்டே சொல்லிவிடுவாள். ஒரு நாள் உன் பிள்ளை உன் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, நீ திருகத் தெரியாததைத் திருகிவிடும். அப்போது வயிறு எரியும். எரியாது என்று நினைத்துக்கொண்டிருக்காதே, நீ என் மகன், எரியலாம். எரிந்தால் எழும்பி வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வா. வந்து, நன்றாகச் செய்தாய் என்று வாய்விட்டுச் சொல். மனதில் வருமட்டும் பார்த்துக்கொண்டிருக்காதே, முதலில் வாயால் சொல். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் தனியாக உட்காராதே.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. நீ மன்னித்துவிடுவாய், உன்னைத் தெரியும். அதை நினைத்தாலும் எனக்குப் பொறாமைதான். உன் இடத்தில் நான் இருந்தால் மன்னித்திருக்க மாட்டேன்.

உன்னை நான் தலைகுனிய வைத்தது ஒரு ஜும்ஆவில், ஊர் பார்க்க. அதனால்தான் இதை ஊருக்குக் காட்டி அனுப்புகிறேன். நாளை வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எனக்கு ஐந்து நிமிஷம் தாருங்கள் என்று பள்ளிவாசல் தலைவரைக் கேட்டிருக்கிறேன். இதுவரை எழுதியதை அவர் வாசித்துவிட்டு, தாளை நாலாக மடித்துத் திருப்பித் தந்தார். பிறகு, "வெளிப் பந்தலுக்கும் கேக்கிற மாதிரிச் சத்தத்தக் கூட்டி வைக்கச் சொல்றன்" என்றார். நீ வாங்கிக் கொடுத்த ஒலிபெருக்கியில்தான் பேசப் போகிறேன். உன் மாமாவும் வருகிறார்.

வருகிற வியாழனுக்குள் நீ பதில் சொல்லவேண்டும். ஓம் என்று சொல். உன் கண்ணை நம்பாதே என்று உனக்குப் படிப்பித்தது நான் செய்த களவு. ஒவ்வொரு தரமும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றாயே, இதோ சுணங்கிப்போன பதிலைச் சொல்கிறேன். அன்று நான் மூடியைத் திறந்தது பிளக்கை மாற்றுவதற்கல்ல, மகன். உன் வேலையில் ஒரு பிழை பிடிக்கத்தான் திறந்தேன். ஒவ்வொரு வயராக, ஒவ்வொரு ஈயப் பற்றாக, விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இருக்கவில்லை. அதனால்தான் மாற்றினேன்.

உன் வாப்பா